புள்ளி இல்லாத மூட்டைகள்

11

“வேன் மேல ஏறி நின்னு பாத்தாலும் தெரியுமா பாப்பா, உன் எழுத்து?”

சிலுவைராஜ் மாமா இப்படிக் கேட்டபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். அவர் வீட்டுக் காலிச் சாக்கு ஒன்றைத் தரையில் விரித்து, சிவப்பு பெயிண்டில் ‘சி’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். “தெரியும் மாமா” என்றேன். அவர் அந்தச் சாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை நடந்து போய், அங்கிருந்து திரும்பிக் காட்டினார். தெரிந்தது.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் யார் வீட்டுச் சாக்காக இருந்தாலும் எழுத்துப் போடுவது என் சோலி.

போளூரில் எங்கள் தெருவில் விளைகிற கேரட் எல்லாம் ஒரே வேனில்தான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இறங்கும். பத்து வீட்டு மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும். எது யாருடையது என்று கமிஷன் கடையில் தெரிய வேண்டும். அதற்குத்தான் எழுத்து. எங்கள் வீட்டுக்கு நீலத்தில் ‘ஞா’. அப்பா பெயர் ஞானவேல். குப்பம்மாள் அத்தைக்கு ‘கு’. மாமாவுக்குச் சிவப்பில் ‘சி’.

வேன் அப்பாவுடையது. அதை ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மாமா. கோடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்து வேனை இருபது வருஷம் ஓட்டியவர். அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், நாங்கள் முருகன் கோயிலுக்கு. ஆனாலும் அவர் மகள் அனிட்டாவும் நானும் பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து, அவள் அப்பா எனக்கு மாமா, என் அப்பா அவளுக்கு மாமா.

ஓட்டுப் போடுகிற நாளிலும் அந்த வேன்தான். அப்பா ஒரு கட்சி, மாமா வேறு கட்சி. வழியெல்லாம் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டே போவார்கள். பூத்திலிருந்து திரும்பும்போது மட்டும் அந்தப் பேச்சு இருக்காது. யாருக்குப் போட்டாய் என்று ஒருவரிடம் கேட்பது எங்கள் ஊரில் அசிங்கம்.

இந்தத் தடவை தேர்தல் வருவதற்கு முன்பே எல்லாரும் அதை எல்லாரிடமும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

என் அண்ணன் செல்வமுருகன் கோடைக்கானலில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறான். பழனியிலிருந்து வந்த ராஜமுருகன் என்பவர் ‘மலை காப்பு அணி’ என்று ஒன்று தொடங்கியதும் அதில் சேர்ந்தான். எங்கள் ஊருக்கு அவன்தான் பொறுப்பாளர். மாமா மகன் அமலும் கோடையில்தான், ஓட்டலில் வேலை. அவன் வாட்ஸப்பில் வேறொரு குழு வைத்திருந்தான். அண்ணன் ஜீப்பில் யாரும் ஏறக்கூடாது என்று அதில் எழுதியிருந்தானாம்.

நான் சொல்லப்போகிற வெள்ளிக்கிழமைக்கு ஒன்பது நாள் முன்னால் ஊர் மந்தையில் கூட்டம் நடந்தது. மேல்காட்டில் சர்ச்சுக்காரர்கள் வெளியாட்களைக் குடிவைக்கிறார்கள் என்று அண்ணன் ஒரு வீடியோவைக் காட்டினான். அமல் நாற்காலியை எட்டி உதைத்தான். அப்பா அண்ணனையும், மாமா அமலையும் பிடித்து இழுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள்.

அந்த வீடியோவை நான் வீட்டில் மறுபடி பார்த்தேன். அதில் பின்னால் தெரிந்த கடைப் பலகை தமிழில் இல்லை. அண்ணனிடம் காட்டினேன். அவனும் பார்த்தான்.

“எங்க நடந்தா என்ன பாப்பா, நடக்குதுல்ல” என்றான்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது இவ்வளவுதான் நடந்திருந்தது. அதற்கு மேல் நடந்ததில் என் கை இருக்கிறது.

*

அன்று காலை எட்டு மணிக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தான். வருகிற வழியில் எனக்குப் பிடித்த பன் வாங்கி வந்திருந்தான். மூன்று வாரமாக வீட்டில் யாரோடும் சரியாகப் பேசாதவன், என் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பிய்த்துக் கொடுத்தான்.

“இன்னைக்கு லோடுல ஒரு சின்ன வேலை இருக்கு பாப்பா. நீதான் செய்யணும்.”

“என்னண்ணே?”

“எழுத்துக்குக் கீழ ஒரு புள்ளி. பச்சைல. ஜன்னலுக்கு அடிச்சது மிச்சம் கெடக்குல்ல, அது போதும்.”

“எல்லா மூட்டைக்குமா?”

அவன் பன்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். “நம்ம ஆளுங்க மூட்டைக்கு.”

எனக்குப் புரியவில்லை என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். புரிந்தது. ‘சி’ என்ற எழுத்தைப் பார்த்தால் அது சிலுவைராஜா, சின்னச்சாமியா என்று கன்னிவாடியிலிருந்து வருகிற ஏற்றுக்கூலி ஆட்களுக்குத் தெரியாது. புள்ளி இருந்தால் தெரியும்.

“எதுக்குண்ணே அது?” என்று மட்டும் கேட்டேன்.

“மார்க்கெட்ல நம்ம அணி மூலமா தனியா பேசியிருக்கோம். அடையாளம் வேணும்ல.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ராஜமுருகன் அண்ணன் உன் எழுத்தப் பாத்தாரு தெரியுமா? உங்க வீட்டுலயே ஆள் இருக்கு, எதுக்கு வெளிய பேனருக்குக் குடுக்கணும்னாரு. பத்தாவதோட நின்ன புள்ளைனு சொன்னா நம்பவே மாட்டேங்கிறாரு” என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் எழுந்தேன். இதை எழுதும்போது கூட முகம் சுடுகிறது. ஆனால் காரணம் அதுதான். பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருஷமாக என்னைப் பற்றி யாரும் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை.

சோடா பாட்டில் மூடி ஒன்றைத் தேடி எடுத்தேன். அதைப் பெயிண்டில் தொட்டுச் சாக்கில் ஒற்றினால் ஒரே அளவாக, வட்டமாக விழும். தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கட்டி வைத்திருந்த மூட்டைகளுக்குப் போய் ஒற்றினேன். குப்பம்மாள் அத்தை அப்போதுதான் ஓடையில் கேரட்டைக் கழுவிக்கொண்டு வந்து கட்டியிருந்தாள். ஆறு மூட்டை. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் எதற்கு என்று கேட்கவே இல்லை. “எனக்குக் கொஞ்சம் பெருசா வையி” என்றாள்.

எட்டு வீடு முடித்துக் கடைசியாக எங்கள் வீட்டு மூட்டைக்கு வந்தபோது அனிட்டா வந்தாள். கையில் ஊறவைத்த பட்டாணி. எனக்குப் பாதி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தாள்.

“என்னடி இது, பொட்டு வச்சு விடுற?”

“மார்க்கெட்ல கேட்டாங்களாம்.”

“அழகா இருக்கு.” ஒரு புள்ளியை விரலால் தொடப் போய், காயவில்லை என்று பார்த்து எடுத்துக்கொண்டாள். “எங்களுக்கும் வச்சு விடு. பதினெட்டு மூட்டை. அப்பா மாதா கோயில் வளைவுகிட்ட அடுக்கிட்டு இருக்காரு.”

டின் என் முட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் பாதி இருந்தது. அதைக் காலால் மூட்டைக்குப் பின்னால் தள்ளினேன்.

“பெயிண்ட் தீந்துருச்சு” என்றேன்.

“சரி போ, நாளைக்கு வை” என்று சொல்லிவிட்டு, மிச்சப் பட்டாணியையும் என் மடியில் கொட்டிவிட்டு எழுந்து போனாள்.

*

மூன்று மணிக்கு வேன் மாதா கோயில் வளைவில் நின்றது. எல்லா மூட்டைகளும் அங்கேதான் சேரும். அப்பா டயருக்குக் காற்று பார்த்துவிட்டு முகம் கழுவ வீட்டுக்குப் போயிருந்தார். அண்ணன்தான் பக்கத்தில் நின்றான். ஏற்றுக்கூலி ஆட்கள் இரண்டு பேர் மளமளவென்று ஏற்றினார்கள்.

சிலுவைராஜ் மாமா தன் பதினெட்டு மூட்டைக்குப் பக்கத்தில் துண்டைத் தோளில் போட்டு நின்றார். அவர் முறை வந்தது. ஆட்கள் அவர் மூட்டைகளைத் தாண்டி அடுத்ததை எடுத்தார்கள். சரி, பின்னால் வருவார்கள் என்று அவர் கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டார். அவர்கள் வரவில்லை. பின்கதவைச் சாத்தப் போனார்கள்.

“ஏப்பா, இது பதினெட்டு கெடக்கு” என்றார் மாமா.

ஆட்கள் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் போனைப் பார்த்தான்.

“இடம் இல்ல மாமா. இன்னைக்கு லோடு ஜாஸ்தி.”

வேனில் பாதி காலியாக இருந்தது. பின்னால் நின்ற எல்லாருக்கும் அது தெரிந்தது. மாமா உள்ளே எட்டிப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார்.

“சரிப்பா. ஒரு பத்து மூட்டையாவது ஏத்திக்க. கழுவிக் கட்டுன கேரட்டு. நாளைக்குன்னா சாக்குக்குள்ளயே வெந்துரும், உனக்குத் தெரியாததா?”

அண்ணன் பதில் சொல்வதற்குள் குப்பம்மாள் அத்தை உள்ளே புகுந்தாள்.

“ஏலே செல்வம், என் மூட்டை ஆறும் கீழ கெடக்கு. கண்ணு தெரியலையா உங்க ஆளுகளுக்கு?”

ஏற்றுக்கூலி ஆள் ஒருவர் சாதாரணமாகச் சொன்னார். “புள்ளி இல்லக்கா. புள்ளி இருந்தா ஏத்து, இல்லன்னா விடுன்னு சொல்லியிருக்காங்க. எங்களுக்கு வேற என்ன தெரியும்?”

“புள்ளி இல்லையா? காலைல என் கண்ணு முன்னாடிதான வச்சா, இந்தப் புள்ள.” அத்தை ஒரு மூட்டையைப் புரட்டிப் போட்டாள். ‘கு’ அப்படியே இருந்தது. அதன் கீழே பச்சை கரைந்து சாக்கின் அடிவரை வழிந்திருந்தது. “பாரு. ஈரச் சாக்குல வச்சா ஓடாம என்ன செய்யும்? அதுக்காக என்னையும் இவங்களோட சேத்துக் கீழ போட்டுட்டுப் போவீகளோ? உன் குரூப்புல எங்க அக்கா மக்க ஏழு பேரச் சேத்து விட்டவளே நான்தாம்லே.”

‘இவங்களோட’ என்று சொல்லும்போது அத்தையின் கை மாமாவின் பக்கம் நீண்டது. அவள் வேண்டுமென்று நீட்டவில்லை. ஆனால் நீண்ட கையை எடுக்கவும் இல்லை.

மாமா அந்தக் கையைப் பார்த்தார். வேனுக்குப் பக்கத்தில் போனார். ஏற்றியிருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ‘ஞா’, கீழே ஒரு புள்ளி. ‘ஆ’, கீழே ஒரு புள்ளி. அது ஆண்டிச்சாமி வீட்டு மூட்டை. ‘த’, தண்டாயுதபாணி வீடு, அதிலும் புள்ளி. கண்ணாடி போடாததால் முகத்தை மூட்டைக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து தன் மூட்டைகளைப் பார்த்தார். அவற்றில் நான் எழுதிய ‘சி’ மட்டும் இருந்தது.

“பாப்பா” என்று அண்ணன் கூப்பிட்டான். “டின்ன எடுத்துட்டு வா. அத்தை மூட்டைக்கு மறுபடி வச்சு விடு. வெரசா.”

நான் நகரவில்லை.

“ஏட்டி, நிக்கிறா பாரு. மழை வருது” என்றாள் அத்தை.

வீட்டுக்கு ஓடிப் போய் டின்னை எடுத்துவந்தேன். ஓடாமல் நின்றிருக்கலாம். மூட்டை எல்லாவற்றுக்கும் வைத்திருக்கலாம். கீழே கொட்டியிருக்கலாம். இப்போது எவ்வளவோ தோன்றுகிறது. அப்போது தோன்றியதெல்லாம், எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், இது சீக்கிரம் முடிய வேண்டும் என்பதுதான். முந்தானையால் அத்தை சாக்கைத் துடைத்துத் துடைத்துக் கொடுக்க, நான் ஆறு மூட்டைக்கும் ஒற்றினேன். அவசரத்தில் ஒன்றும் வட்டமாக விழவில்லை.

நிமிர்ந்தபோது அனிட்டா எனக்கு எதிரே நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. டின்னுக்குள் பார்த்தாள். பிறகு போனை எடுத்துப் புள்ளிகளைப் படம் பிடித்தாள்.

*

அப்பா வந்தார். வந்த வேகத்திலேயே சாவியைப் போடப் போனவர், கீழே கிடந்ததைப் பார்த்து இறங்கினார்.

“என்னலே, மச்சான் மூட்டை ஏறல?”

அண்ணன் அவரைத் தனியாகக் கூப்பிட்டான். அப்பா போகவில்லை. “இங்கனயே சொல்லு.”

“அப்பா, சொன்னாக் கேளுங்க. புள்ளி இல்லாத மூட்டை ஒண்ணு இருந்தாலும் பெருமாள்மலைல நம்ம பசங்க வண்டிய நிப்பாட்டுவாங்க. நேத்து கன்னிவாடி ரோட்டுல ஒரு வண்டிய நிப்பாட்டி அத்தனையும் ரோட்டுல கொட்டிட்டாங்க. நான் சொல்லியும் கேக்க மாட்டாங்க.”

“நீதான பொறுப்பாளர்?”

“பொறுப்பாளர்னா மேல சொல்றதச் செய்யணும்ப்பா.”

அவன் ஒரு குரல் பதிவை ஓட விட்டான். ராஜமுருகனின் குரல். சத்தம் போடாமல், அன்பாகக் கதை சொல்வது போல இருந்தது. “ஒரு வண்டி இளகினா ஒரு ஊர் இளகும் தம்பி. நம்ம பிள்ளைக எதிர்காலம் இது. யாரையும் அடிக்கச் சொல்லல. ஏத்தாதீங்கன்னுதான் சொல்றேன்.”

அப்பா மற்ற வீட்டுக்காரர்களைப் பார்த்தார். ஆண்டிச்சாமி பெரியப்பா பீடியைத் தரையில் தேய்த்து அணைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே அணைந்திருந்தது. யாராவது ஒருவர், “ஏத்துங்க ஞானவேலு, வர்றது வரட்டும்” என்று சொல்லியிருந்தால் அப்பா ஏற்றியிருப்பார். எனக்கு அது நிச்சயம். ஒருவரும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒன்பது வீட்டு மூட்டைகள் மேலே இருந்தன.

மாமாதான் பேசினார்.

“மச்சான், மழை இறங்கிருச்சுன்னா கொண்டை ஊசி வளைவுல வழுக்கும். நீ கெளம்பு.”

“நாளைக்கு…” என்றார் அப்பா.

“பாப்போம். பிரேக்க ஒரு தடவை பாத்துக்க.”

அப்பா ஏறினார். வேனைக் கிளப்பும்போது அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ரோட்டையும் பார்க்கவில்லை. கியரைப் பார்த்துக்கொண்டே எடுத்தார். அண்ணன் அவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

ஊர்க்காரர்கள் கலைந்தார்கள். குப்பம்மாள் அத்தை போகிற போக்கில் மாமாவிடம், “மனசுல வச்சுக்காதீகண்ணே, நான் சும்மா வாய்க்கு வந்ததச் சொன்னேன்” என்றாள். மாமா தலையாட்டினார். அவரும் அனிட்டாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முதல் மூட்டையைத் தூக்கினார்கள். நான் அடுத்த மூட்டைக்குப் போய்க் கையை வைத்தேன்.

“தீந்துருச்சுன்னியே” என்றாள் அனிட்டா.

கையை எடுத்துவிட்டேன்.

*

ஆறு மணிக்குள் மஞ்சு இறங்கி ரோட்டை மூடிவிட்டது. அம்மா அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். அவளுக்குப் படிக்க நேரமாகும்.

“குப்பம்மா அனுப்பிருக்கா. என்னமோ படம். படி.”

அமல் குழுவில் வந்த படம். என் புள்ளிதான். மறுபடி அவசரமாக வைத்ததில் ஒன்று. அதைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள். கீழே, ‘இன்னைக்கு மூட்டை. நாளைக்கு நம்ம வீட்டுக் கதவு. மானம் உள்ளவன் கெளம்பி வா’ என்று எழுதியிருந்தது.

அதற்குக் கீழே அண்ணன் குழுவில் வந்ததையும் அத்தை அனுப்பியிருந்தாள். அதுவும் புள்ளிதான். காலையில் வைத்தது, வட்டமாக, அழகாக இருந்தது. ‘நம் அடையாளம். எல்லா ஊர்களிலும் தொடரட்டும்’ என்று போட்டிருந்தது. பேத்துப்பாறை, பூம்பாறை, பெரும்பாறை என்று ஊர் ஊராகப் பெயர் சொல்லிக் கைகூப்பியிருந்தார்கள்.

சோடா மூடியில் நான் ஒற்றியது. யார் ஒற்றினார்கள் என்று இரண்டிலும் இல்லை. அமல் பக்கம் எல்லாரும் அண்ணன் பெயரைச் சொல்லித் திட்டியிருந்தார்கள். கையை உடைக்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

படித்துக் காட்டினேன். அம்மா அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினாள்.

“நீ வச்சேன்னு வாயத் தொறந்து சொல்லிராத. கேட்டா, எழுத்துப் போடச் சொன்னாங்க போட்டேன்னு சொல்லு. பொம்பளப் புள்ள. இதுல எல்லாம் உன் பேரு வரக் கூடாது.”

“அண்ணன் பேரு வருதும்மா.”

“அவன் ஆம்பள. பாத்துக்குவான்.”

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சிலுவைராஜ் மாமா.

எப்போதும் உள்ளே வந்து அடுப்புப் பக்கத்தில் உட்காருகிறவர், வாசல்படிக்கு வெளியே நின்றார். சட்டை நனைந்திருந்தது. பதினெட்டு மூட்டையையும் சுமந்து முடித்திருக்க வேண்டும்.

“உள்ள வாங்கண்ணே” என்றாள் அம்மா.

“இல்ல தங்கச்சி. ஒண்ணு சொல்லிட்டுப் போயிருதேன்.” மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். “அமல் கோடைல இருந்து நாலஞ்சு பேரோட கெளம்பிட்டானாம். போன் போட்டா எடுக்க மாட்டேங்கிறான். செல்வம் மார்க்கெட்ல எறக்கிட்டு இன்னைக்கு மேல ஏற வேண்டாம்னு சொல்லு. மச்சானோட அங்கனயே தங்கிக்கட்டும். நான் போட்டா அவன் எடுக்க மாட்டான்.”

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நான் அண்ணனுக்குப் போட்டேன். மணி அடித்து நின்றது. அப்பாவுக்குப் போட்டேன். மலைப்பாதையில் டவர் இல்லை போல, போகவே இல்லை. மறுபடி அண்ணனுக்குப் போட்டேன். மாமா என் கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் மூட்டையை ஏற்ற மாட்டேன் என்றவன் எடுக்க வேண்டுமே என்று நின்றார்.

எடுக்கவில்லை.

“போட்டுக்கிட்டே இரு பாப்பா. எடுப்பான்.” பிறகு அம்மாவிடம் திரும்பினார். “புள்ளய ஒண்ணும் வையாதீங்க. அனிட்டா வந்ததுல இருந்து சாப்பிடாம ஒரே அழுகை. அவ தெரிஞ்சேதாம்ப்பா செஞ்சிட்டான்னு சொல்றா. அவ அம்மா கித்தேரியும் அதையே சொல்றா. நான்தான் ரெண்டு பேரையும் அதட்டிட்டு வந்தேன். அண்ணன் சொல்லிருப்பான், வச்சிருக்கும். அதுக்கு என்ன வெவரம் தெரியும்?”

“அதாண்ணே” என்று அம்மா அவசரமாகப் பிடித்துக்கொண்டாள். “சின்னப்புள்ள. இவளுக்கு இந்தக் கட்சி கிட்சி எல்லாம் என்ன தெரியும்? எழுத்துப் போடுன்னாங்க, போட்டிருக்கா.”

“அதத்தான் நானும் சொன்னேன்” என்றார் மாமா. என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். “என்ன பாப்பா?”

தலையாட்டினால் போதும். அம்மா என்னைப் பார்க்காமலேயே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமாவும் அதைத்தான் கேட்டார். நான் தலையாட்டியிருந்தால் அவர் வீட்டுக்குப் போய் அனிட்டாவிடம் சொல்லியிருப்பார். இரண்டு நாளில் அவள் பட்டாணியோடு வந்திருப்பாள்.

“தெரிஞ்சுதான் வச்சேன் மாமா.”

“ஏ ஸ்வேதா” என்றாள் அம்மா.

“எதுக்குன்னு அண்ணன் சொல்லல. ஆனா எனக்குத் தெரிஞ்சுது. அனிட்டா வந்து எங்களுக்கும் வையுன்னு கேட்டா. டின்னுல பாதி இருந்துச்சு. தீந்துருச்சுன்னு சொன்னேன். யாரும் என்னைய அப்படிச் சொல்லச் சொல்லல.”

குரல் நான் நினைத்ததை விடச் சாதாரணமாக வந்தது. அதுவும் எனக்கு வெட்கமாக இருந்தது.

மாமாவின் முகத்தில் அந்தச் சிரிப்பின் மிச்சம் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, எடுக்க மறந்தது போல. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் பச்சை இருந்தது. நான் மறைக்கவில்லை.

“அமல் வந்தா நான் சொல்லிருதேன் மாமா. அண்ணன் இல்ல, நான்தான்னு.”

அம்மா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். “அண்ணே, அது ஏதோ பயத்துல உளறுது. நீங்க மனசுல… அண்ணே, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு…”

மாமா துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டார். படியிலிருந்து இறங்கினார். அவர் வீட்டுக்குப் போக எங்கள் வாசலில் இடது பக்கம் திரும்ப வேண்டும். அவர் திரும்பவில்லை. அமல் வண்டி வர வேண்டிய கோடைக்கானல் ரோட்டைப் பார்த்து, மஞ்சுக்குள் நேராக நடந்தார். அம்மா மறுபடியும் கூப்பிட்டாள். அவர் போய்க்கொண்டே இருந்தார்.